முந்தானை சொல்லும் சேதி

காற்றடைத்த இறக்கையைக் கையில் பிடித்து, அடியில் தகடு பொருத்திய பலகையில் நின்று தண்ணீருக்கு மேலே எழும்பிப் போகிற 'விங்ஃபாயில்' பழக, அலையில்லாத கடற்கரை எது என்று கேட்டான் என் தங்கை மகன். எங்கள் மாவட்டத்து மரக்காணம் திறந்த கடல், அலை ஜாஸ்தி. ராமேஸ்வரத்தில் வடக்கேயுள்ள பாக் விரிகுடாவைப் 'பெண் கடல்' என்றும், தெற்கேயுள்ள மன்னார் வளைகுடாவை 'ஆண் கடல்' என்றும் சொல்வார்கள். தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் பெண் கடல் குளம் மாதிரி கிடக்கும்.

ஆனால் சகோதரிகளே, அதை நம்பி ஏமாந்துவிடக் கூடாது! அப்போது காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும். விழுந்தவரை உள்ளே தள்ளிக்கொண்டே போகும். ரப்பர் டியூபில் மிதக்கும் பிள்ளைகளுக்கும் இதே கதிதான். கரையில் நின்று பாருங்கள். முந்தானை கடல் பக்கம் பறந்தால் டியூபை எடுக்கவே விடாதீர்கள். விங்ஃபாயிலுக்கு மீட்புப் படகு கட்டாயம் நிற்க வேண்டும்.

— ஒரு வாசகி, காணை