கொல்லாத கொல்லிகள்

கரு இரண்டாவது முறையும் தங்காமல் போனால் ஊர் கேட்பது நமக்குத் தெரியும். பாரம் தூக்கினாளா, பப்பாளி தின்றாளா, மாடிப்படி ஏறினாளா? எல்லாக் கேள்வியும் அவளைப் பார்த்தே வரும். அறிவியலும் வெகுகாலம் அவள் பக்கமே திரும்பியிருந்தது: தாயின் நோய் எதிர்ப்பு மண்டலம் கருவைத் தாக்கிவிடுகிறதோ?

சந்தேகம் எழக் காரணம் இருந்தது. அடுத்தவர் சிறுநீரகத்தைப் பொருத்தினால் மருந்தில்லாமல் உடல் ஏற்காது. அப்படியிருக்க, பாதி மரபணு தகப்பனுடையதான கருவை மட்டும் எப்படிச் சுமக்கிறது? 1953-இல் பிரிட்டன் விஞ்ஞானி பீட்டர் மெடவார் எழுப்பிய புதிர் இது.

விடையைத் தேட வேண்டிய இடம் கருப்பை. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் அதன் உட்சுவரில் உள்ள வெள்ளணுக்களில் சுமார் 70 சதவீதம் 'இயற்கைக் கொல்லி' செல்கள். ரத்தத்தில் இருக்கும் இவற்றின் பங்காளிகள் வைரஸ் புகுந்த செல்களைக் கொல்பவை. கருப்பையில் இருப்பவை பெயருக்குத்தான் கொல்லிகள். பார்ப்பதோ நீர்ப்பாசன வேலை. நஞ்சுக்கொடியின் செல்கள் சுவருக்குள் புகுந்து, சுருண்டு நெளியும் மெல்லிய ரத்தக்குழாய்களின் தசையைக் கரைத்து, ஓடையை வாய்க்காலாக அகலப்படுத்துகின்றன. எவ்வளவு தூரம் வெட்டலாம் என்பதில் கொல்லி செல்களுக்கும் பங்குண்டு.

இரு தரப்பும் பேசிக்கொள்வது மரபணு மொழியில். கருவின் செல் 'எச்.எல்.ஏ.-சி' என்ற புரதத்தை நீட்டுகிறது. தாயின் கொல்லி செல் 'கே.ஐ.ஆர்.' என்ற உணர்வியால் அதைத் தொட்டுப் படிக்கிறது. நீட்டும் புரதத்தில் 80-ஆவது இடத்தில் அஸ்பரஜின் இருந்தால் சி1, லைசின் இருந்தால் சி2. வகையைத் தீர்மானிப்பது அந்த ஓர் இடம்தான்.

கேம்பிரிட்ஜில் ஆஷ்லி மொஃபெட் குழுவினர் 2004-இலும் 2010-இலும் வெளியிட்ட ஆய்வுகள் இந்த ஜோடிப் பொருத்தத்தைப் பார்த்தன. தாயிடம் 'ஏஏ' வகை கே.ஐ.ஆர். இருந்து, கருவுக்கு சி2 வந்தால், அதுவும் தகப்பன் வழியாக வந்தால், தொடர் கருச்சிதைவுக்கும் கர்ப்பகால ரத்த அழுத்தச் சிக்கலுக்கும் வாய்ப்பு கூடுகிறது. 'ஏஏ' வகையில் சி2-வைக் கண்டு செல்லை அடக்கும் உணர்வி உண்டு. கண்டு முடுக்கிவிடும் உணர்வி இல்லை. கொல்லி செல் மௌனமாகிறது, வாய்க்கால் குறுகலாகவே நின்றுவிடுகிறது. ஆக, தாயின் படை சீறியதால் வந்த வினை அல்ல. அது போதுமான அளவு எழாததால் வந்தது.

பழைய சந்தேகம் சிகிச்சையாகவும் மாறியிருந்தது. கணவரின் வெள்ளணுக்களை மனைவிக்கு ஊசியாகப் போட்டால் உடல் பழகிக்கொள்ளும் என்று 1985-இல் லண்டன் ஆய்வொன்று நம்பிக்கை தந்தது. 1999-இல் வெளியான பெரிய பரிசோதனையில் பலன் தெரியவில்லை. 2002-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, ஆய்வுக்கு வெளியே அந்த ஊசி கூடாது என்றது. அடங்கிக் கிடப்பதே சிக்கலானால், மேலும் அடக்கப் பார்ப்பது எதற்கு?

'ஏஏ' தலையெழுத்து அல்ல. அந்த வகைப் பெண்கள் ஏராளமானோர் சுகமாகப் பெற்றிருக்கிறார்கள். ஆரம்பகாலச் சிதைவுகளில் ஏறத்தாழ பாதி, கருவின் குரோமோசோம் பிழையால் நேர்பவை. எதிர்ப்பு மண்டலம் நேரடியாகக் கெடுக்கும் நோயும் ஒன்று உண்டு: ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம். 12 வார இடைவெளியில் இருமுறை ரத்தம் பார்த்து உறுதிசெய்வார்கள். ஆஸ்பிரினும் ஹெப்பாரினும் கைகொடுக்கும். பப்பாளியை விட்டுவிட்டு, அந்தப் பரிசோதனை செய்தாயிற்றா என்று கேட்கலாம்.