மலைநாட்டு மாதரும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயும்

அட்டன், மஸ்கெலியா வழியாகச் சிவனொளிபாத மலையை நாடி வரும் அடியார்கள் மலையேறத் தொடங்குமிடம் நல்லதண்ணியாகும். யாத்திரைக் காலத்தில் மலைவழி விளக்குகளைத் தம் லயத்து வாயிலில் நின்றே காணும் தோட்டப் பெண்கள், விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விட்டு, கொழுந்து பறிக்க மலைக்கு ஓடுபவர்கள். தம் உடலை நோக்க நேரமில்லாத இவர்கள், நோவின்றி வளரும் ஒரு நோயை எங்ஙனம் அறிவர் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் மனித பப்பிலோமா வைரசினால் விளைவது. இத்தொடர்பைக் கண்டறிந்த ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹவுசன் 2008ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். உடலுறவால் தொற்றும் இவ்வைரஸ் பெரும்பாலோரிடம் தானே மறைந்துவிடும்; சிலரிடம் மட்டும் நிலைத்து, பல்லாண்டுகள் கழித்துப் புற்றாகும். இந்த நீண்ட இடைவெளியில் மாறுதலைக் கண்டால் நோயை வருமுன்னரே தடுக்கலாம். அதற்கென அமைந்ததே, ஜோர்ஜ் பாப்பனிக்கொலோவின் பெயரால் வழங்கும் பாப் பரிசோதனை.

ஆயின், தடையாய் நிற்பவை மூன்று. நோவில்லையேல் நோயில்லை என்னும் எண்ணம் முதலாவது. மாதவிடாய்க்குப் புறம்பான உதிரப்போக்கைக்கூட உடற்சூடு என்று தள்ளிவிடுவோர் உளர். இரண்டாவது நாணம். இந்நோய் ஒழுக்கக்கேட்டின் விளைவென்று கருதுதல் பெரும்பிழை. ஒரே கணவருடன் வாழ்ந்தவருக்கும் இவ்வைரஸ் தொற்றலாம். மூன்றாவது, கிளினிக் சென்றால் அன்றைய பேர் போய்விடும் என்னும் கவலை. முதலிரண்டையும் அறிவு நீக்கும். மூன்றாவதை அறிவு மட்டும் நீக்காது.

தமிழ்நாட்டுத் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் நடந்த ஆய்வொன்று இங்கு நினைக்கத்தக்கது. பயிற்சி பெற்ற தாதியர், வினாகிரியில் உள்ள அசற்றிக் அமிலத்தைக் கருப்பைக் கழுத்தில் பூசி, வெண்மையாகும் பகுதியைக் கண்ணால் கண்டறிந்தனர். ஏறக்குறைய 31,000 பெண்கள் இப்பரிசோதனைக்கு வந்தனர். அக்கிராமங்களில் இந்நோயால் நேர்ந்த மரணம், ஒப்புநோக்கிய ஏனைய கிராமங்களைவிட 35 வீதம் குறைந்ததென 2007ஆம் ஆண்டு வெளியான முடிவு காட்டிற்று. கிராமத்துப் பெண்கள் வரமாட்டார்கள் என்னும் கூற்று அதனால் பொய்த்தது.

இலங்கையில் 1996ஆம் ஆண்டு தொடங்கிய சுவநாரி கிளினிக்குகளில் 35 வயதுப் பெண்களுக்குப் பரிசோதனை இலவசமாகச் செய்யப்படுகின்றது. ஆறாந்தர மாணவியர்க்கு 2017 முதல் தடுப்பூசியும் வழங்கப்படுகின்றது. தடுப்பூசி மகளைக் காக்கும்; தாயைக் காப்பது பரிசோதனையே. ஆதலின் தமிழில் விளக்கவல்ல மருத்துவமாது லயத்துக்கே வருதலும், பரிசோதனை நாளுக்குப் பேர் குறையாதிருத்தலும் வேண்டும்.

இம்மலரைப் படிக்கும் மாணவர்களே! நும் அன்னையர் தமக்கென எதையும் கேளாதவர்கள். அவர்களுக்காக இதனைக் கேட்டறிந்து, உடன் அழைத்துச் செல்லுதல் கற்றவர் கடனன்றோ?