எந்திரப் போட்டியில் எழுத்தின் பங்கு

மாணவர் தாமே எந்திரம் செய்து கொணர்ந்து போட்டியிடும் வழக்கம் இன்று உலகெங்கும் பரவியுள்ளது. உலக ரோபோ ஒலிம்பியாட் என்னும் போட்டி 2004ஆம் ஆண்டில் முதன்முதலாகச் சிங்கப்பூரில் நடைபெற்றதை நம்மவர் சிலர் நினைவில் வைத்திருக்கக்கூடும். அதே ஆண்டில் அமெரிக்காவில் நடந்த வேறொரு போட்டியைப் பற்றியே இங்குக் கூற விழைகின்றேன். இவையெல்லாம் கணக்கும் அறிவியலும் கற்பிப்போர்க்கு உரியவை என்று மொழியாசிரியர் ஒதுங்கிக்கொள்வது உண்டு. அவ்வாறு ஒதுங்கத் தேவையில்லை என்பதற்கு அந்நிகழ்ச்சி நல்ல சான்றாகும்.

ரோபோ என்றதும் கை கால் முளைத்த இரும்பு மனிதனை எண்ணிக்கொள்ள வேண்டா. செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாபெக் 1920இல் எழுதிய நாடகத்தின் வழியே உலகுக்கு வந்த இச்சொல்லுக்கு, கட்டாய உழைப்பு என்னும் பொருளுடைய செக் மொழிச் சொல்லே வேர். போட்டிகளில் நாம் காணும் ரோபோ பெரும்பாலும் சக்கரம் பூட்டிய பெட்டியாகவோ, நீரில் மூழ்கும் குழாய்ச் சட்டமாகவோதான் இருக்கும்.

நாம் பேச எடுத்துக்கொண்டது அக்குழாய்ச் சட்ட வகையே. கலிபோர்னியாவில் உள்ள ‘மேட்’ என்னும் கடல்சார் தொழில்நுட்பக் கல்வி மையம், 2004 ஜூன் திங்களில், சாந்தா பார்பரா நகரப் பல்கலைக் கழகத்தின் நீச்சற் குளத்தில் அப்போட்டியை நடத்தியது. குளத்தின் அடியில் மூழ்கிய கப்பலைப் போன்ற ஓர் அமைப்பு. கரையில் இருந்தபடியே கம்பி வழியாக எந்திரத்தை இயக்கி, அதன் நீளத்தை அளக்க வேண்டும். பொருள்களை மீட்க வேண்டும். ஒடுங்கிய வாயுடைய கலத்திலிருந்து நீர்மத்தை உறிஞ்சி எடுக்க வேண்டும்.

போட்டிக்கு வந்த குழுக்களுள் ஒன்று அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரின் கார்ல் ஹேடன் உயர்நிலைப் பள்ளியைச் சேர்ந்தது. பாலை நிலத்துப் பிள்ளைகள் நெய்தல் நிலத்துக்குப் போட்டியிடச் சென்றார்கள் என்று நம் திணை மரபில் சொல்லலாம். மாணவர் நால்வர். நால்வரும் சிறு வயதில் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். குடியிருக்கும் உரிமைச் சீட்டு இல்லாதவர்கள். வீட்டில் ஸ்பானிய மொழி பேசுபவர்கள். அவர்களை அழைத்துச் சென்ற ஆசிரியர் இருவரும், பள்ளிகளுக்கான பிரிவை விட்டுக் கல்லூரிகள் மோதும் மேற்பிரிவிலேயே பெயர் கொடுத்தனர். பள்ளிகளிடம் தோற்பதைவிடக் கல்லூரிகளிடம் தோற்பது அவ்வளவு இழிவன்று என்பது அவர்கள் போட்ட கணக்கு! அப்பிரிவில் எம்.ஐ.டி. என்னும் புகழ்பெற்ற மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் நின்றது. அக்கழகத்தார் பத்தாயிரம் வெள்ளிக்கு மேல் செலவிட்டிருந்தனர். பள்ளிக் குழுவினரோ சுமார் 800 அமெரிக்க வெள்ளி திரட்டியிருந்தனர்.

அத்தொகையில் அவர்கள் வாங்கியது பெரிதும் பி.வி.சி. குழாய். குழாய்களை ஒட்டிய பசையின் நாற்றத்தால் எந்திரத்திற்கு ‘நாற்றக்காரன்’ என்னும் பொருள்படப் பெயரும் இட்டனர். மின் உறுப்புகளை நீர் புகாத கைப்பெட்டி ஒன்றில் அடைத்தனர். போட்டிக்கு முன் வெள்ளோட்டம் விட்டபோது அப்பெட்டிக்குள் நீர் கசிந்துவிட்டது. புதுப் பெட்டிக்கு நேரமில்லை. கசியும் நீரை உறிஞ்ச ஏதேனும் வேண்டும் என்று ஆராய்ந்து, பெண்கள் மாதவிலக்கு நாளில் பயன்படுத்தும் உறிஞ்சு பஞ்சுச் சுருளே ஏற்றது எனக் கண்டனர். ஒரு மாணவன் கூச்சத்தை விழுங்கிக்கொண்டு கடைக்குச் சென்று, அங்கிருந்த பெண்மணி ஒருவரிடம் எவ்வகை நன்கு உறிஞ்சும் என்று கேட்டே வாங்கி வந்தான். இரவெல்லாம் கண் விழித்து, விட்டுப்போன கம்பி இணைப்புகளை ஈயம் வைத்துப் பற்றவைத்தனர். மறுநாள் எந்திரம் இயங்கிற்று.

இக்கதையைச் சொல்வோர் பெரும்பாலும் பஞ்சோடு நிறுத்திவிடுகின்றனர். எனக்குச் சிறப்பாகத் தோன்றுவது அதன் பின் நிகழ்ந்ததே. நீரடிப் பணிகளின் புள்ளிகளை மட்டும் பார்த்தால் எம்.ஐ.டி. குழுவே முன்னே நின்றது. ஆனால் வெற்றி அவற்றால் மட்டும் முடிவாவதில்லை. ஒவ்வொரு குழுவும் தான் செய்த எந்திரத்தைப் பற்றி ஓர் அறிக்கை எழுதித் தருதல் வேண்டும். வல்லுநர் குழுவின் முன் நின்று வாய்மொழியாகவும் விளக்குதல் வேண்டும். அவற்றிற்கும் புள்ளிகள் உண்டு.

வல்லுநர்கள் அமெரிக்கக் கடற்படையையும் நாசா விண்வெளி நிறுவனத்தையும் சார்ந்தவர்கள். நீருக்கடியில் லேசர் ஒளியால் தொலைவு அளந்தது எப்படி என்று வினவினர். லேசர் அளவுகோல், ஒளி போய்த் திரும்புவதைக் கொண்டு தொலைவைக் கணிப்பது. காற்றில் செல்லும் வேகத்தை வைத்தே அதைச் செய்திருப்பார்கள். நீரிலோ ஒளியின் வேகம் ஏறத்தாழக் காற்பங்கு குறைந்துவிடும். ஆதலால் கருவி மூன்றில் ஒரு பங்கு மிகுதியாகத் தொலைவைக் காட்டும். இதனைத் திருத்திக் கணக்கிட்டதை நால்வருள் ஒருவன் தடையின்றி எடுத்துரைத்தான். திரையில் காட்டப் படங்கள் ஏதும் அவர்கள் கொண்டுவரவில்லை. சொல்லையே நம்பி நின்றனர். இப்படி விடை கூற அவர்கள் ஒரே நாளில் கற்றவர்கள் அல்லர். எந்திரம் செய்த மாதங்களில் வெளியூர் நிபுணர்களைத் தொலைபேசியில் அழைத்துத் தம் ஐயத்தைத் தெளிவாகக் கேட்டுப் பழகியிருந்தனர். கேட்கத் தெரிந்தவனுக்கே விளக்கவும் வருகிறது போலும்.

முடிவில் வடிவமைப்பு நேர்த்திக்கான பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. அடுத்து, சிறந்த தொழில்நுட்ப அறிக்கைக்கான பரிசும் அவர்கள் பெயருக்கே வந்தது. ஆங்கிலம் தாய்மொழியல்லாத பிள்ளைகள் எழுத்துக்குப் பரிசு பெற்றபோது அவர்களே நம்பவில்லையாம். இறுதியில் மேற்பிரிவின் முதற்பரிசும் கார்ல் ஹேடன் பள்ளிக்கே என்று அறிவித்தனர். எம்.ஐ.டி. இரண்டாம் இடம் பெற்றது.

நம் வகுப்புகளில் மழைநாளைப் பற்றியும் திருவிழாவைப் பற்றியும் கட்டுரை எழுதச் சொல்கின்றோம், அதில் குற்றமில்லை. ஆனால் மாணவன் தன் கையால் செய்த ஒரு பொருளை, ஏன் இவ்வாறு செய்தேன், எது பயனற்றுப் போயிற்று, எதை மாற்றினேன் என்று தமிழில் எழுதச் சொல்வது மிக அரிது. அப்படி எழுதுவதற்கு அணிநயம் வேண்டா. முறையும் துல்லியமும் வேண்டும். அது மொழிப் பாடத்தின் வேலையன்றி வேறு எதன் வேலை?

அப்பள்ளியின் ரோபோக் குழு பின்னரும் ஓயவில்லை. ‘ஃபர்ஸ்ட்’ என்னும் அமைப்பு ஆண்டுதோறும் மாணவர்க்கு வட்டாரப் போட்டிகள் நடத்துகிறது. அதன் தலையாய விருது எந்திரத்தின் வெற்றிக்கு அன்று. குழு தன் சமூகத்துக்கு ஆற்றிய பணியை எழுத்திலும் பேச்சிலும் எடுத்துக்காட்டியதற்கே அளிக்கப்படுவது. 2008இல் அதனையும் அக்குழு பெற்றது.

ஆனால் வெற்றி அந்நால்வருக்கும் கதவுகளைத் திறந்துவிடவில்லை. குடியுரிமைச் சீட்டில்லாத மாணவர் உள்ளூர்க் கட்டணத்தில் அரசுக் கல்லூரியில் பயில முடியாது என்று அரிசோனா வாக்காளர்கள் 2006இல் முடிவு செய்தனர். அவர்களுள் ஒருவன் முயன்று படித்து 2009இல் எந்திரப் பொறியியல் பட்டம் பெற்றான். பட்டம் பெற்றபின், முறையாக நுழைவுரிமை பெற வேண்டித் தானே மெக்சிகோவுக்குத் திரும்பினான். முதலில் மறுத்துவிட்டனர். 2010இல் அனுமதி கிடைத்துத் திரும்பி வந்தவன், அமெரிக்கப் படையில் சேர்ந்தான்.