பித்தவெடிப்பில் பித்தம் இல்லை

போர்வை நூல் குதிகாலில் சிக்கி இழுபடும்போதுதான் பலருக்கும் பித்தவெடிப்பு ஞாபகம் வருகிறது. பெயர் பித்தத்தின் மேல் பழி போட்டாலும், ஈரலில் சுரக்கும் பித்தநீருக்கும் இதற்கும் தொடர்பில்லை.

மண்வெட்டி பிடிக்கும் கை காய்த்துப்போகுமே, குதிகாலிலும் அதே காய்ப்புதான். அழுத்தமும் உராய்வும் ஓயாமல் இருந்தால், மேல்தோலின் அடியடுக்குச் செல்கள் பெருகி, கெரட்டின் என்ற புரதம் நிறைந்த இறந்த செல்களை அடுக்கடுக்காக மேலே தள்ளுகின்றன. இது உடல் தானே செய்துகொள்ளும் கவசம். கென்யாவில் வெறுங்காலோடு நடப்பவர்களை ஆராய்ந்து 2019-ல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு, காய்ப்பு தடித்தாலும் பாதத்தின் தொடுவுணர்வு மழுங்குவதில்லை என்று காட்டியது.

தொல்லை வறட்சியில் தொடங்குகிறது. உள்ளங்காலில் வியர்வைச் சுரப்பிகள் ஏராளம். எண்ணெய்ச் சுரப்பியோ ஒன்றுகூடக் கிடையாது. ஒவ்வோர் அடி வைக்கும்போதும் குதிகாலின் கொழுப்புத் திண்டு பக்கவாட்டில் பிதுங்கும். ஈரமுள்ள தோல் கூடவே வளைந்துகொடுக்கும். காய்ந்து தடித்த தோல் விளிம்பில் வெடிக்கும். பின்பக்கம் திறந்த செருப்பும், நாள் முழுக்கச் சிமெண்ட் தரையில் நிற்கும் வேலையும், கூடிய எடையும் இதை அதிகமாக்கும்.

பிளேடால் சீவுவது ஆபத்து. காயம்பட்டால் கிருமி புகும். வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, பாதம் தேய்க்கும் கல்லால் மென்மையாகத் தேய்த்தால் போதும். ஈரம் முழுதாக உலர்வதற்குள் யூரியா கலந்த களிம்பைத் தடவ வேண்டும். வயலுக்குப் போடும் அதே யூரியாதான். நம் தோலிலும் இயல்பாகவே இருக்கிறது. 10 சதவீத அளவில் அது நீரைப் பிடித்துவைக்கும்; 20, 30 என்று கூடும்போது கெரட்டின் பிணைப்பையே தளர்த்தும். இரவில் மேலே வாஸலின் பூசி, பருத்திக் காலுறை போட்டுப் படுக்கலாம்.

சர்க்கரை நோயாளிகள் இதில் கைவைத்தியம் பார்க்கக் கூடாது. கால் மரத்திருந்தால் புண் வலிக்காது, ஆறவும் தாமதமாகும். வாரக்கணக்கில் களிம்பு தடவியும் மாறாவிட்டால், அது படர்தாமரையாகவோ சொரியாசிஸாகவோ இருக்கலாம். தோல் மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

மற்றவர்கள் செருப்பையும் கவனிக்க வேண்டும். குதிகாலை அணைத்துப் பிடிக்கும், மெத்தென்ற அடிப்பாகம் உள்ள செருப்புக்கு மாறாமல் தோலை மட்டும் தேய்த்துக்கொண்டிருந்தால், சில வாரங்களில் போர்வை நூல் மறுபடி சிக்கும்.