பாட்டி சொன்னதை எழுதி வைத்தீர்களா? கற்றதைப் பதிவு செய்யும் பழக்கம்



ஒரு சின்னக் கேள்வி. போன வாரம் படித்த பாடத்தில் எது இன்னும் ஞாபகம் இருக்கிறது? புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லிப் பாருங்கள். பலருக்கு இரண்டு வரிக்கு மேல் வராது. 'படிச்சேன் சார், ஆனா மறந்துபோச்சு' என்று மாணவர்கள் சொல்வது பொய் இல்லை. கேட்டது காதோடு போய்விடும், சொந்த வார்த்தையில் எழுதியது தங்கும். கற்றதை எழுதி வைப்பதும், எழுதியதை மற்றவரோடு பகிர்வதும் எப்படி என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம். நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் நெகிரி செம்பிலான் தோட்டங்களை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

எழுதாததால் இழந்தது

சயாம் மரண ரயில் பற்றி வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். 1942 முதல் 1943 வரை ஜப்பானிய ராணுவம் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட்டது. அந்த வேலைக்கு ஏறத்தாழ 60,000 நேச நாட்டுப் போர்க்கைதிகள் கொண்டு போகப்பட்டார்கள். அவர்களில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களோ இரண்டு லட்சம் பேர் வரை இருந்தார்கள். அவர்களில் இறந்தவர்கள் கைதிகளைவிடப் பல மடங்கு அதிகம். மலாயாத் தோட்டங்களிலிருந்து லாரியிலும் ரயிலிலும் ஏற்றிப் போகப்பட்ட தமிழர்களும் இந்தக் கணக்கில் உண்டு.

ஆனால் உலகம் அதிகம் அறிந்தது யார் கதையை? கைதிகளின் கதையைத்தான். ஆஸ்திரேலிய மருத்துவர் வியரி டன்லப் போன்றவர்கள் முகாமிலேயே ஒளித்து ஒளித்து நாட்குறிப்பு எழுதினார்கள். பின்னாளில் அவை நூல்களாக வந்தன. நம் தாத்தாக்களில் பெரும்பாலோர் எழுதவில்லை. பலருக்கு எழுதத் தெரியாது, தெரிந்தவர் கையில் காகிதம் இல்லை. அதனால் எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்குக்கூட மதிப்பீடுதான் இருக்கிறது, பெயர்ப் பட்டியல் இல்லை. திரும்பி வந்தவர்கள் வாய்வழியாகச் சொன்னதைக் கேட்டு வைத்தவர்களால்தான் கொஞ்சமாவது மிஞ்சியது. ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமி எழுதிய 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் அந்த அனுபவத்தைத் தமிழில் நிறுத்தி வைத்தன.

திரட்டி வைத்த ஓர் ஆசிரியர்

நல்ல எடுத்துக்காட்டும் நம்மிடமே உண்டு. முரசு நெடுமாறன் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்தவர். பழைய இதழ்களிலும் நூல்களிலும் சிதறிக் கிடந்த கவிதைகளைப் பல்லாண்டு தேடித் திரட்டினார். அந்த உழைப்பு 1997-இல் 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்' என்ற பெரிய தொகுப்பாக வெளிவந்தது. 1887 முதல் 1987 வரை நூறு ஆண்டுக் கவிதைகள் அதில் இருக்கின்றன. அவர் மகன் முத்து நெடுமாறன் முரசு மென்பொருள் வழியாகக் கணினியிலும், செல்லினம் வழியாகக் கைப்பேசியிலும் தமிழ் எழுத வழி செய்தவர். அப்பா தேடிச் சேர்த்தார், மகன் எல்லாரும் எழுதக் கருவி கொடுத்தார். ஆகவே 'தமிழ்ல டைப் பண்ண வராது டீச்சர்' என்ற சாக்கு இனிச் செல்லாது!

எதை எழுதுவது?

சிரம்பான், நீலாய், செண்டாயான் பக்கம் பல தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகள் ஆகிவிட்டன. பாகாவ், கெமஞ்சே, ரந்தாவ் பக்கம் போனால் ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. மரம் போனால் அதோடு சேர்ந்த சொற்களும் போய்விடும். பெரட்டு, தண்டல், கிராணி, லயம், ஆயாக்கொட்டகை, நிரை, மங்கு, காண்டா, ஒட்டுப்பால். இவற்றில் எத்தனைக்கு உங்கள் வகுப்பு மாணவர்கள் பொருள் சொல்வார்கள்? பாட்டியிடம் கேட்டால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கதை வரும்.

ஒரு பதிவு எப்படி இருக்க வேண்டும்?

நீளம் வேண்டாம், பத்து வரி போதும். ஐந்து கூறுகள் இருக்கட்டும்:

1. தேதி, இடம்.
2. யாரிடம் கேட்டேன், அல்லது எதில் படித்தேன்.
3. கேட்டது, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே.
4. நான் புரிந்துகொண்டது, என் வார்த்தையில்.
5. எனக்குப் புரியாதது, ஒரு கேள்வியாக.

எடுத்துக்காட்டாக, ஒரு மாணவி தன் பாட்டியிடம் கேட்டு இப்படி எழுதலாம்:

'பாட்டி சொன்னது: "அப்பல்லாம் விடியறதுக்கு முன்னாடியே பெரட்டுக்குப் போயி பேரு கொடுக்கணும்மா. இருட்டுலதான் மரம் வெட்டுவோம். வெயில் ஏறிட்டா பால் வராது." நான் புரிந்துகொண்டது: பெரட்டு என்பது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம். என் கேள்வி: வெயில் ஏறினால் பால் ஏன் குறைகிறது?'

ஐந்தாவது கூறுதான் உயிர். இந்தக் கேள்வியோடு அறிவியல் ஆசிரியரிடம் போனால் விடை கிடைக்கும். ரப்பர் மரத்தின் பட்டைக்குள் பால்குழாய்கள் உண்டு. இரவில் மரத்தில் நீர் நிறைந்து அந்தக் குழாய்களில் அழுத்தம் கூடியிருக்கும், அதனால் அதிகாலையில் வெட்டினால் பால் நன்றாக வடியும். வெயில் ஏற ஏற இலை வழியே நீர் ஆவியாகும், அழுத்தம் குறையும், பாலும் குறையும். பாட்டி அனுபவத்தில் கண்டதும் பாடநூல் சொல்வதும் ஒன்றுதான். இப்படிச் சேர்த்து எழுதிய மாணவிக்கு நீராவிப்போக்கு பாடம் மறக்குமா?

கவனிக்க வேண்டியவை

பெரியவர்கள் வருடம் சொல்ல மாட்டார்கள், 'ஜப்பான்காரன் காலத்துல' என்பார்கள். அதை அப்படியே எழுதிப் பக்கத்தில் 1942–1945 என்று குறியுங்கள். 'கம்யூனிஸ்டு காலம்' என்றால் பெரும்பாலும் அவசரகாலம், 1948–1960. 'மெர்டேக்கா' என்றால் 1957. ஞாபகம் தவறலாம், ஆகவே இன்னொருவரிடமும் கேட்டுச் சரிபாருங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள்.

அனுமதி கேட்காமல் எதையும் பகிர வேண்டாம். சம்பளக் கடன், குடும்பச் சண்டை, நோய் போன்ற பேச்சு வந்தால் பேனாவை மூடிவிடுங்கள். எழுதியதைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டுங்கள். 'நான் அப்படிச் சொல்லலியே' என்றால் உடனே திருத்துங்கள். அதுவே நல்ல ஆய்வுப் பழக்கம்.

தேர்வுக்கு என்ன பயன்?

யு.பி.எஸ்.ஆர். 2021-இலும், பி.டி.3 2022-இலும் நீக்கப்பட்ட பிறகு வகுப்புசார் மதிப்பீட்டுக்கு எடை கூடியிருக்கிறது. வாரம் ஒரு பதிவு என்றால் பத்து வாரத்தில் மாணவரின் வளர்ச்சி ஆசிரியர் கண்ணுக்கே தெரியும். எஸ்.பி.எம். மாணவருக்கும் பயன் உண்டு. கட்டுரையில் எல்லாரும் ஒரே மனப்பாட வாக்கியத்தில் தொடங்கும்போது, சொந்தக் காதால் கேட்ட ஒரு சான்றோடு தொடங்கும் கட்டுரை தனித்து நிற்கும். ஒன்று மட்டும் கவனம்: பேச்சுவழக்கு மேற்கோளுக்குள் இருக்கட்டும், உங்கள் விளக்கம் எழுத்துத் தமிழில் இருக்கட்டும். இரண்டையும் பிரித்து எழுதத் தெரிவதே மொழித் திறன்.

பகிர்வது எப்படி?

வெள்ளிக்கிழமை பத்து நிமிடம் ஒதுக்குங்கள். இரண்டு மாணவர்கள் தங்கள் பதிவை வாசிக்கட்டும், மற்றவர்கள் ஆளுக்கொரு கேள்வி கேட்கட்டும். ஆண்டு இறுதியில் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டி, பள்ளி நூலகத்தில் ஒரு படியும் தோட்டத்துக் கோயிலிலோ மண்டபத்திலோ ஒரு படியும் வையுங்கள். ஆசிரியர்களே, நீங்களும் எழுதுங்கள். எந்தப் பாடம் எடுபட்டது, எது சொதப்பியது என்று நாலு வரி போதும். அடுத்து வரும் புது ஆசிரியருக்கு அது கைவிளக்கு.

இந்த வார இறுதியில் ஒரே ஒரு வேலை. வீட்டில் மூத்தவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, 'பெரட்டுன்னா என்ன பாட்டி?' என்று கேளுங்கள். அவர்கள் பேசட்டும். நீங்கள் தேதி போட்டு எழுதுங்கள்.