கடைசி ஆட்டம் யாருக்கு?

ஜூன் முடியும் தறுவாயில் என் டோக்கியோ அலுவலகத்தில் ஒரு மூத்த ஊழியர் ஸ்கேலும் பென்சிலும் எடுத்துக் கட்டம் போட ஆரம்பித்துவிடுவார். கணக்குப் பிரிவுக்காரர்தான், ஆனால் இந்தக் கட்டத்துக்கும் கம்பெனிக் கணக்குக்கும் சம்பந்தமில்லை. நியூ ஜப்பான் புரோ ரெஸ்லிங் ஒவ்வொரு வருஷமும் நடத்தும் 'ஜி1 கிளைமாக்ஸ்' மல்யுத்தத் தொடருக்கான புள்ளிப்பட்டியல் அது. இன்னும் ஒரு ஆட்டம்கூட நடந்திருக்காது. அதற்குள், “கெடோ இந்தத் தடவையும் நம்மை அழவைப்பார், பாருங்கள்” என்பார் என்னிடம்.

கெடோ மல்யுத்த வீரரும்கூட. யார் ஜெயிப்பது, யார் தோற்பது, எந்த ஆட்டம் கடைசியில் வருவது என்று முடிவு செய்வதற்கு இந்தத் தொழிலில் 'புக்கிங்' என்று பெயர். நியூ ஜப்பானில் பல வருஷமாக அந்த வேலையின் தலைமை அவரிடம் இருந்தது. முடிவுகள் முன்கூட்டியே தீர்மானமானவை என்பது என் சக ஊழியருக்கும் தெரியும், அரங்கில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் தெரியும். பதினெட்டாம் போரில் துரியோதனன் விழுவான் என்று தெரிந்தேதான் நம் ஊரில் விடிய விடியக் கூத்துப் பார்க்கிறோம். ஆனால் கூத்தில் கதையை யாரும் மாற்ற முடியாது. இங்கே முடியும். அதனால்தான் கோபமும் வருகிறது.

தொடரின் விதி எளிது. வீரர்கள் பிரிவுகளாகப் பிரிந்து, ஒவ்வொருவரும் தன் பிரிவிலுள்ள எல்லாரோடும் மோதுவார்கள். வெற்றிக்கு 2 புள்ளி, சமனுக்கு 1. தொடரை வென்றவருக்கு 2012 முதல் பெரும்பாலான வருஷங்களில் ஜனவரி 4 அன்று டோக்கியோ டோமில் சாம்பியனை எதிர்க்கும் உரிமை கிடைத்து வந்திருக்கிறது. அந்த உரிமைப் பத்திரத்தைப் பெட்டியில் போட்டுப் பூட்டித் தூக்கிக்கொண்டே திரிந்ததும் உண்டு. இதில் ருசியான விஷயம் தோல்விதான். லீக் ஆட்டத்தில் சாம்பியனை யாராவது வீழ்த்தினால், வீழ்த்தியவர் இலையுதிர்காலத்தில் பட்டத்துக்குச் சவால் விடப்போகிறார் என்று பெரும்பாலும் பொருள். கடைசி நாளில் யாரோடு யார் மோதுகிறார்கள் என்று பார்த்தே இறுதிக்கு யார் போவார் என்று ஊகிக்கிறவர்கள் உண்டு. என் கணக்குப் பிரிவு நண்பர் அந்த ரகம்.

கோபம் என்றால் இப்போது நடப்பதெல்லாம் ஒன்றுமில்லை. 1984 ஜூனில் குராமே கொக்குகிக்கானில் நியூ ஜப்பானின் ஐ.டபிள்யூ.ஜி.பி. லீக் இறுதி. நிறுவனர் அன்டோனியோ இனோகிக்கும் ஹல்க் ஹோகனுக்கும் நடந்த அந்த ஆட்டத்தில் ரிக்கி சோஷு என்ற வீரர் குறுக்கே புகுந்தார். இனோகி 'ரிங்'குக்கு வெளியே எண்ணிக்கையில் ஜெயித்ததாக அறிவித்தார்கள். இதற்கா காசு கொடுத்தோம் என்று கூட்டம் கலவரம் செய்தது. 1987 டிசம்பரில் ரியோகொக்கு அரங்கில் இன்னும் மோசம். அன்றைய ஆட்டங்களை இஷ்டத்துக்கு மாற்றி, புதிதாக வந்த வேடர் என்ற வீரரிடம் இனோகியைச் சட்டென்று தோற்கவைத்தார்கள். கலவரத்துக்குப் பிறகு அந்த அரங்கின் கதவே நியூ ஜப்பானுக்குக் கொஞ்ச காலம் மூடியிருந்தது.

அதே ரியோகொக்குவில்தான் 1991 ஆகஸ்டில் முதல் ஜி1. அப்போது ஆட்டங்களை வகுத்தவர் சோஷு. தன்னையே ஒரு வெற்றிகூட இல்லாமல் பிரிவின் கடைசியில் வைத்துக்கொண்டு, இளைஞர்கள் மூவரை முன்னால் தள்ளினார். அந்த மூவரில் யாரும் எதிர்பாராத மசாஹிரோ சோனோ ஒரே நாளில் முதலில் ஹஷிமோட்டோவையும் பிறகு இறுதியில் முட்டோவையும் வென்றார். சுமோவில் யொகோசுனா என்ற உச்சநிலை வீரர் தோற்றால் வீசுவார்களே, அந்தச் சதுர மெத்தைகள் நாலாபக்கமிருந்தும் பறந்தன. இந்த முறை அது சந்தோஷம். முடிவைப் போட்டவர் தன் கையிலிருந்து எதையாவது இழந்தாரா என்பதைக் கூட்டம் கவனிக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

டெட்சுயா நைட்டோவின் கதைக்கு வருகிறேன். இதை நான் யாரிடம் சொன்னாலும் நீளமாகிவிடும்.

நைட்டோ சிறுவயதிலிருந்தே இந்த நிறுவனத்தின் ரசிகர். டோக்கியோ டோமில் கடைசி ஆட்டம் ஆடவேண்டும் என்பது கனவு. முழங்கால் அறுவை முடிந்து திரும்பிய அவரை 2013 ஜி1 இறுதியில் நட்சத்திர வீரர் தனஹாஷிக்கு எதிராக ஜெயிக்கவைத்தார்கள். அரங்கம் ஒட்டவில்லை. நல்ல பிள்ளை, நன்றாகத் தாவுகிறான், ஆனால் இவனை எதற்கு இப்போது எங்கள் தலையில் கட்டுகிறீர்கள் என்கிற மாதிரி ஒரு பாராமுகம். நிறுவனம் அடுத்துச் செய்ததுதான் விபரீதம். டோமில் கடைசி ஆட்டம் எது என்று ரசிகர்களிடமே வாக்கெடுப்பு வைத்தது. சாம்பியன் ஒகாடாவோடு நைட்டோ மோதும் முதன்மைப் பட்டப்போட்டி தோற்றது. நகாமுரா, தனஹாஷி மோதும் இரண்டாம் நிலைப் பட்டப்போட்டி பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தது. 2014 ஜனவரி 4 அன்று நைட்டோ கடைசிக்கு முந்தைய ஆட்டத்தில் ஆடி, தோற்றும் போனார். ஒரு மாதம் கழித்து ஒசாகாவில் அவரைப் பார்த்துக் கூட்டமே ஊளையிட்டது.

2015இல் மெக்சிகோ போய்த் திரும்பியவர் வேறு ஆள். ஓடி வரமாட்டார், மெதுவாக நடந்து வருவார். சிரிப்பில் ஓர் அலட்சியம். உங்களுக்குப் பிடிக்க நான் ஏன் பாடுபட வேண்டும் என்பதே அவர் வேஷம். சரியாக அங்கேதான் ஜனங்கள் அவர் பக்கம் சாய்ந்தார்கள். தன் கடைசி ஆட்டத்தைப் பறித்த அந்த இரண்டாம் நிலை பெல்ட்டை 2016இல் வென்று, இரும்புப் படிக்கட்டில் வீசி நசுக்கினார். ரசிகர்கள் ஆரவாரம் செய்தார்கள். தங்கள் வாக்கின்மேல் விழும் அடி அது என்று அவர்களுக்குத் தெரியாமலா? 2016, 2017 இரண்டு வருஷமும் டோக்கியோ ஸ்போர்ட்ஸ் நாளிதழின் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான்.

2017 ஜி1ஐயும் வென்றார். 2018 ஜனவரியில் டோமின் கடைசி ஆட்டம் அவருடையது. எல்லாரும் முடிவை எழுதியே வைத்துவிட்டார்கள். கெடோ அவரைத் தோற்கவைத்தார். என் நண்பர் மறுநாள் அலுவலகத்தில் யாரிடமும் பேசவில்லை. இன்றைக்கும் அது தவறான முடிவு என்பார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். சூடு ஆறுவதற்குள் பரிமாறவேண்டியதை இரண்டு வருஷம் மூடிவைத்தார்கள். 2020 ஜனவரி 5 அன்று ஒருவழியாக ஒகாடாவை வீழ்த்தி, தன் குழுவினர் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி டோமை முடித்துவைக்கப் போன நேரத்தில் கென்டா என்ற வீரர் ஓடிவந்து அடித்துப்போட்டார். அன்று எழுந்த கூச்சல் நடிப்புக்குக் கிடைத்த பாராட்டல்ல, உண்மையான வெறுப்பு. அந்தப் பெயர் அழைப்பு டோமில் முழுதாக முடிந்தது 2024 ஜனவரியில்தான், அதுவும் 2023 ஜி1ஐ அவர் வென்றதால். அதற்குள் உடம்பு தேய்ந்திருந்தது. 2025 மே மாதம் நிறுவனத்தை விட்டே போய்விட்டார்.

அந்த 2023 தொடரைப் பற்றி நண்பருக்கு வேறொரு புகார். 32 பேர், நான்கு பிரிவு, ஆட்டத்துக்கு 20 நிமிஷம். முன்பு 30 இருந்தது. இளம் வீரர்கள் மோதிய சில ஆட்டங்கள் மணி அடித்துச் சமனில் முடிந்தன. கட்டத்தில் ஒன்று ஒன்றாக நிரப்பியே அவருக்கு அலுத்துவிட்டது.

2025 இறுதி ஆகஸ்ட் 17, அரியாக்கே கொலீசியத்தில். ஜெயித்தவர் கொனோசுகே டகேஷிட்டா. டி.டி.டி. என்ற சிறிய நிறுவனத்தில் வளர்ந்தவர், அமெரிக்காவின் ஏ.இ.டபிள்யூ.விலும் ஒப்பந்தம் உள்ளவர். இந்த வீட்டில் பிறக்காத ஒருவரிடம் வீட்டின் பெரிய கோப்பையைக் கொடுப்பது சாதாரண விஷயமல்ல. “வெளியாள் அல்லவா?” என்று தொடரின் ஆரம்பத்தில் நண்பரே முகம் சுளித்தார். ஆனால் இறுதியில் அவருக்கு எதிரே நிறுத்தியது ஈவில் என்பவரை. 2020இல் நைட்டோவின் முதுகில் குத்தி, அவர் அப்போது வைத்திருந்த இரண்டு பட்டங்களையும் பறித்தவர், ஒவ்வோர் ஆட்டத்திலும் கூட்டாளிகளை உள்ளே விட்டுத் திருட்டுத்தனமாக ஜெயிப்பவர். ஈவில் ஜெயித்துவிடுவாரோ என்கிற பயத்தில் வெளியாள் என்ற பேச்சு யாருக்கும் ஞாபகம் வரவில்லை. கடைசி மூன்றை எண்ணி முடித்தபோது நண்பர் எழுந்து நின்று கைதட்டினார். ரயிலில் திரும்பும்போதுதான், “என்னை ஏமாற்றிவிட்டார்கள், கவனித்தீர்களா?” என்றார்.