தந்தையின் கார்னெட்

நியூயார்க்கின் குயின்ஸ்பிரிட்ஜ் அரசுக் குடியிருப்பில் வளர்ந்த ராப் கலைஞர் நாஸ், 1994 ஏப்ரலில் தமது 20ஆம் வயதில் வெளியிட்ட ‘இல்மாட்டிக்’, ஏறத்தாழ 40 நிமிடமே ஓடும் சிறிய தொகுப்பெனினும், ஹிப்ஹாப்பில் தனிக்கலைஞர்கள் அளித்த தொகுப்புகளுள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது. பழைய இசைத்தட்டிலிருந்து ஒரு துணுக்கை வெட்டியெடுத்துத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்யும் ‘சாம்பிளிங்’ முறையில் டி.ஜே. பிரீமியர், பீட் ராக் முதலியோர் அமைத்த தாளத்தின் மீது, அடியின் இறுதியில் மட்டுமன்றி இடையிலும் இயைபு விழுமாறு நாஸ் சொற்களை அடுக்குகிறார். சிறையிலிருக்கும் நண்பர்களுக்குத் தெருச் செய்திகளைக் கடிதங்களாகச் சொல்லும் ‘ஒன் லவ்’ பலராலும் பாராட்டப்படுவதே. ஆயினும் செவியில் நெடுநேரம் தங்குவது, மூன்றாம் பாடலின் முடிவில், ஜாஸ் கலைஞரான அவர் தந்தை ஒலு டாரா, டிரம்பெட்டை ஒத்த ‘கார்னெட்’ என்னும் பித்தளை ஊதுகருவியில் வாசிக்கும் அச்சிறு இசைப்பகுதியே.